பெரிய கொடையா, ஊர்ப் பங்கா?

காரைக்குடிப் பக்கம் கொடைக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்தார். ஒருவர் முடிவெடுத்தால் வேலை மடமடவென்று நடக்கும்.

அரசின் 'நமக்கு நாமே' திட்டம் வேறு ரகம். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும், மீதி அரசு. வசூல் நோட்டோடு வளவு வளவாக (வீடு வீடாக) ஏறி இறங்கினால், "அப்பச்சி (அப்பா) சிங்கப்பூர்லேருந்து வரட்டும்" என்பார்கள். இழுக்கும்தான். ஆனால் நூறு ரூபாய் கொடுத்த ஆச்சி, பள்ளிக் கழிப்பறைக் குழாய் சொட்டினால் தலைமையாசிரியரிடமே போய் நிற்பார்.

மருத்துவத்திலும் ஊர்ப் பங்கு அப்படித்தான். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்ப்பது சுய உதவிக் குழுப் பெண்கள்.

கட்டடத்துக்குக் கொடையாளர், பராமரிப்புக்கு ஊர்: என் ஓட்டு இப்படித்தான்.