ஆறாத கால் புண்ணுக்கு நம் இரத்தமே மருந்து: பி.ஆர்.பி.யும் பி.ஆர்.எஃப்.பும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த என் பெரியம்மாவுக்கு, நரம்பு சுருட்டலால் (வெரிகோஸ் வெயின்) கணுக்காலுக்கு மேலே வந்த புண் இரண்டு ஆண்டுகளாக ஆறவில்லை. அவருடைய இரத்தத்தைக் கொண்டே செய்யக்கூடிய பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா), பி.ஆர்.எஃப். (தட்டணு செறிந்த ஃபைப்ரின் என்னும் உறைநார்) என்ற இரண்டு சிகிச்சைகளைச் சேலத்து மருத்துவர் எங்களுக்கு விளக்கினார்.

இரண்டிலும் வேலை செய்வது பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள்தாம். அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் புதுச் சதையையும் புதிய இரத்தக் குழாய்களையும் தூண்டுகின்றன. பி.ஆர்.பி. முறையில், உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்த குழாயில் இரத்தம் எடுத்து, பெரும்பாலும் இருமுறை சுழற்றி, தட்டணு செறிந்த மஞ்சள் நீரைப் பிரித்துப் புண்ணின் ஓரங்களில் ஊசியாகப் போடுகிறார்கள், அல்லது கால்சியம் குளோரைடு சேர்த்துக் கூழாக்கிப் பூசுகிறார்கள். ஆனால் காரணிகளில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது.

பிரான்சில் மருத்துவர் ஜோசப் ஷூக்ரூன் 2001-இல் அறிமுகப்படுத்திய பி.ஆர்.எஃப். முறையில் எதையும் சேர்ப்பதில்லை. இரத்தம் குழாயில் விழுந்ததுமே உறையத் தொடங்குவதால், எடுத்த ஓரிரு நிமிடங்களில் இயந்திரம் சுழல வேண்டும். பெரியம்மாவுக்குச் செய்தபோது அருகில் இருந்து பார்த்தேன்: அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவே நுங்கு போன்ற வெளிர்மஞ்சள் கட்டி. அதை இடுக்கியால் எடுத்து, துணியிடையே அழுத்தி, மெல்லிய சவ்வாக்கிப் புண்ணின்மேல் பரப்பினார்கள். அந்த நார்வலை காரணிகளை ஒரு வாரம் வரை சிறிது சிறிதாகவே விடுகிறது.

வாரம் ஒருமுறை மட்டுமே 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கக்கூடியவருக்குப் பி.ஆர்.எஃப். பொருத்தமானது என்பதே என் கருத்து, செய்முறையும் எளிது. குறுகி ஆழமாகப் போகும் புண்ணுக்குள் சவ்வைப் பரப்புவது கடினம் என்பதால், அங்கே கூழாகவோ ஊசியாகவோ செல்லும் பி.ஆர்.பி.க்கே நான் முன்னுரிமை தருவேன்.

ஆனாலும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மீளாய்வு, தட்டணுச் சிகிச்சை சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு உதவக்கூடும் என்றதே தவிர, நரம்பு சுருட்டல் புண்ணுக்கு உறுதி சொல்லவில்லை. சீழும் எலும்புத் தொற்றும் இருந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். காலுக்கு இரத்த ஓட்டமே குறைந்திருந்தால் அதைச் சீராக்காமல் எந்தச் சவ்வும் பயன் தராது. பெரியம்மாவுக்கும் சவ்வின்மேல் இறுக்கக் கட்டு கட்டாயமாக இருந்தது.

ஐந்தாம் வாரம் கட்டைப் பிரித்தபோது, வெளிறிக் கிடந்த புண் சிவந்திருந்தது. ஓரத்தில் நகத்தளவு புதுத் தோல் ஏறியிருந்தது.