ஊட்டி குளிர்லயும் சூடாகுற போட் மோட்டார்: டெம்பரேச்சர் கன் வாங்கலாமா?

ஊட்டியில சின்னதா மெக்கானிக் கடை வச்சிருக்கேன், ஜெனரேட்டர், பம்ப்செட், எஸ்டேட்காரங்க ஸ்ப்ரேயர் எல்லாம் வரும், அதோட போட் மோட்டார் வேலையும் பாக்குறேன். சிவப்பு லேசர் புள்ளி விழுமே, தொடாமலே சூட்ட அளக்குற அந்த டெம்பரேச்சர் கன் ஒண்ணு ஆன்லைன்ல ஆயிரத்துச் சில்லறைக்கு வாங்கினேன், அதப் பத்திதான் எழுதுறேன். பிராண்ட் பேர் போடல, ஒரே கன்னு ஸ்டிக்கர் மட்டும் மாறி பல பேர்ல விக்குது. அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன். ஏன்னு ஒரு மோட்டார் கதையோட சொன்னாதான் புரியும்.

ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி வெளியில மாட்டுற மோட்டார்), 40 குதிரை சக்தி. கீழ ஒரு ஒர்க்‌ஷாப்ல ரீபோர் பண்ணி (சிலிண்டர கொஞ்சம் பெருசா குடைஞ்சு), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங்கு, கேஸ்கெட் எல்லாம் புதுசா போட்டு மலைக்கு ஏத்திட்டாங்க. டிரம்ல தண்ணி ரொப்பி ஓட்டினா அருமையா ஓடுது. ஏரியில இறக்கி த்ராட்டில பாதிக்கு மேல பிடிச்சா கொஞ்ச நேரத்துல அலாரம் கத்துது, இழுவை குறையுது. யாரக் கேட்டாலும் இம்பெல்லர் (தண்ணி பம்புக்குள்ள சுத்துற ரப்பர் விசிறி) போச்சுன்னுதான் சொல்றாங்க, சரின்னு மோட்டாரோட கீழ்ப்பகுதி, லோயர் யூனிட்ட இறக்கி புது இம்பெல்லரும் போட்டாச்சு, தண்ணி ஏறுற குழாய் பம்ப் ரப்பர்ல சரியா உக்காந்திருக்கான்னும் பாத்தாச்சு, அப்பவும் அதே கததான்.

போட் ஓட்டுற தம்பி கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணே, மோட்டார் பக்கத்துல தண்ணி நல்லாதானே பீச்சுது, அப்புறம் எப்படிண்ணே சூடாகும்?" நிறைய பேர் மாட்டிக்கிற இடமே இதுதாங்க. பக்கத்துல பீச்சுற அந்த தண்ணி, பம்ப் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும். பல மோட்டார்ல அது தெர்மோஸ்டாட்டுக்கு (சூடு ஏறினாதான் திறந்து தண்ணிய விடுற வால்வு) முன்னாடியே பிரிஞ்சு வெளிய வந்துடுது, அதனால சிலிண்டர் சுத்தி ஓடுற வழியில எங்கயாவது அடைச்சிருந்தாலும் வெளிய ஜோரா பீச்சிக்கிட்டுதான் இருக்கும்.

இன்னொண்ணு, ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். ஏரித் தண்ணியே சில்லுனு இருக்கும், அந்தத் தண்ணிய உறிஞ்சியும் மோட்டார் சூடாகுதுன்னா வெயில் மேல பழி போட முடியாது, தண்ணி போக வேண்டிய இடத்துக்குப் போகலன்னு அர்த்தம். அதுவும் இந்த உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும், சமவெளி மாதிரி 100 வரைக்கும் தாங்காது, சிலிண்டர சுத்தி தண்ணி ஓடுற ஜாக்கெட்டுக்குள்ள ஆவி சீக்கிரமே கட்டிக்கும். அதனால இங்க லேசா சூடு ஏறினாலே நான் அலட்சியமா விடறதில்ல.

இப்ப கன் விஷயத்துக்கு வரேன். தம்பி ஸ்டியரிங்க பிடிக்க, நான் மூடியக் கழட்டிட்டு ஓடுற மோட்டார் மேல புள்ளிய வச்சுப் பாத்தேன். கீழ் சிலிண்டர் ஹெட் (சிலிண்டரோட மூடி) 54 டிகிரி. மேல் சிலிண்டர் ஹெட் 88, இன்னும் ஏறிக்கிட்டே இருக்குது. உடனே த்ராட்டில இறக்கச் சொல்லிட்டேன், பாக்க வேண்டியத பாத்தாச்சு. பம்ப் போயிருந்தா ரெண்டு சிலிண்டரும் சேந்து சூடாகணும். தெர்மோஸ்டாட் திறக்கலன்னாலும் ரெண்டும்தான் சூடாகணும். ஒண்ணு மட்டும் இவ்வளவு தள்ளி நிக்குதுன்னா கோளாறு அந்த சிலிண்டர் பக்கத்துலயேதான் இருக்குது. இத கையால தொட்டுப் பாத்து சொல்ல முடியாதுங்க, 54ம் கைக்குச் சூடுதான், 88ம் சூடுதான்.

ஒரு சிலிண்டர் மட்டும் சூடாக வேற காரணமும் உண்டு, அதையும் விடக்கூடாது. எங்கயாவது காத்து இழுத்து பெட்ரோல் கலவை மெலிஞ்சு போனாலும் அது மட்டும் சூடாகும், அப்ப ஸ்பார்க் ப்ளக் வெளுத்துப் போயிருக்கும். கழட்டிப் பாத்தேன், ரெண்டு ப்ளக்கும் ஒரே காப்பிக் கலர். பிஸ்டன் இறுக்கமா இருக்கான்னு கையால சுத்திப் பாத்தாச்சு, கம்ப்ரஷனும் ரெண்டுலயும் ஒட்டி ஒட்டிதான் வந்துச்சு. மிச்சம் இருந்தது தண்ணி வழி மட்டும்தான்.

ஹெட்ட கழட்டினா மேல் சிலிண்டர் பக்கம் தண்ணி ஓட்டையில சாம்பல் கலர்ல சிலிக்கோன் பேஸ்ட் பிதுங்கி நிக்குது. கேஸ்கெட் ஓரத்துல பேஸ்ட்ட அள்ளி அப்பியிருக்காங்க, போல்ட்டு முறுக்கினதும் வெளியில வந்த பேஸ்ட்ட துடைச்சிட்டாங்க, உள்பக்கம் பிதுங்கினது வரிசையா ரெண்டு ஓட்டைய அடைச்சு அப்படியே ரப்பர் மாதிரி இறுகிப் போச்சு. கொறடால புடிச்சு இழுத்தா வால் மாதிரி நீளமா வருது. மெதுவா ஓடும்போது இடுக்குல கசியிற தண்ணியே போதும், த்ராட்டில் ஏத்தினா பத்தாது. டிரம்ல எதுவுமே தெரியாம போனதுக்கு காரணமும் அதுதான், டிரம்ல லோடே கிடையாது.

கேஸ்கெட் சுத்தமா இருக்கணும், முகம் சமமா இருக்கணும், போல்ட்டு சொன்ன வரிசையில சொன்ன டார்க்ல, அதாவது சொன்ன பலத்துல, முறுக்கணும். மேனுவல்ல பேஸ்ட் சொல்லாத இடத்துல பேஸ்ட்டே வேணாங்க. புது கேஸ்கெட் வெறுமனே போட்டு ஏத்தினதும் மேல 57, கீழ 54, அரை த்ராட்டில எவ்வளவு ஓட்டினாலும் அசையல.

ஹெட் கழட்டினப்பவே தெர்மோஸ்டாட்டையும் எடுத்து சட்டியில தண்ணி சுட வச்சு போட்டுப் பாத்தேன், அதுல அடிச்சிருக்குற டிகிரிக்கிட்ட வந்ததும் திறந்துச்சு. சூடாகுதேன்னு தெர்மோஸ்டாட்டையே தூக்கி எறியிற பழக்கம் நம்மாளுங்ககிட்ட இருக்குது, தயவுசெஞ்சு இந்த மலையில அத பண்ணாதீங்க. இங்கத்த தண்ணிக் குளிருக்கு இன்ஜின் சூடே ஏறாது, ப்ளக்குல ஆயில் கரி பிடிச்சு ஸ்டார்ட் பண்ணவே உயிர் போகும்.

கன்ல பிடிக்காததும் இருக்குது. பளபளன்னு இருக்குற வெறும் அலுமினியத்துல நம்பர் ரொம்ப கம்மியா காட்டும், 80ல இருக்குறத 40ன்னு கூட சொல்லும். பெயிண்ட் அடிச்ச இடத்துல பிரச்சனை இல்ல, பெயிண்ட் இல்லன்னா ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல பாருங்க. லேசர் புள்ளி குறி பாக்க மட்டும்தான், அளக்கிறது அத சுத்தி ஒரு வட்டத்த. என்னோடது 12:1, அதாவது அரையடி தூரத்துல அரை இஞ்சு வட்டம், அது போதும். மலிவு விலையில 8:1ன்னு வர்றது இந்த வேலைக்கு பத்தாது, பக்கத்து சிலிண்டர் சூட்டையும் சேத்து காட்டிடும். அப்புறம் நம்மூர் மூடுபனி. ஜாக்கெட் பாக்கெட்டுல கதகதப்பா இருந்தத சட்டுனு வெளிய எடுத்தா லென்ஸ்ல பனி படிஞ்சு நம்பர் தாறுமாறா ஓடுது, கொஞ்ச நேரம் வெளிய வச்சிட்டு அப்புறம் பாருங்க. இருட்டுற நேரத்துல ஸ்கிரீன் வெளிச்சமும் சுமார்தான். ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்கெல்லாம்தான்.

ஓடுற மோட்டார்கிட்ட குனியிறதுக்கு முன்னாடி மப்ளர், சால்வை எல்லாத்தையும் கழட்டிடுங்க, மேல ஃப்ளைவீல் சுத்திக்கிட்டு இருக்கும். லைஃப் ஜாக்கெட் நாடாவையும் உள்ள சொருகிக்குங்க. ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் அளக்கணும், தனியா பண்ற வேலை இல்ல இது.

இன்ஜின் வேலை முடிஞ்சு மோட்டார வாங்கும்போதே ஏரியில ஒரு ரவுண்டு லோடோட ஓட்டி, ரெண்டு ஹெட், தெர்மோஸ்டாட் மூடி, இந்த மூணு இடத்து நம்பரையும் மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வச்சுக்குங்க. நான் இப்ப எல்லா மோட்டாருக்கும் எழுதிட்டுதான் வெளிய விடறேன்.