இரவு வானத்துக்கு 14 மி.மீ.யா, 20 மி.மீ.யா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரவு வானத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 14 மி.மீ. குவிய தூரம் உள்ளது. காரணம் எளிது: அகலம் அதிகம், பால்வீதியும் கீழே நிலமும் ஒரே ஃபிரேமில் அடங்கும். நான் சில வருடங்களாக சோனி ஏ7 மார்க் 3 என்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா உடலில் 14 மி.மீ. எஃப் 2.8 மேனுவல் லென்ஸ் ஒன்றையும், சோனியின் 20 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்து வருகிறேன். என் ஓட்டு 20-க்குத்தான். காரணம் சொல்ல கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஃப் எண்ணை (சிறியதாக இருந்தால் ஒளி அதிகம்) மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றேகால் ஸ்டாப் வித்தியாசம் போலத்தான் தெரியும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. ஆனால் நட்சத்திரம் என்பது புள்ளி. ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு ஒளி சென்சாருக்குப் போகிறது என்பதை லென்ஸின் திறப்பு (அபர்ச்சர்) விட்டம்தான் முடிவு செய்கிறது. 14-ஐ 2.8-ஆல் வகுத்தால் 5 மி.மீ. 20-ஐ 1.8-ஆல் வகுத்தால் 11 மி.மீ.க்குச் சற்று மேல். பரப்பளவில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! 14-இல் நட்சத்திர நகர்வு சிறிதாகத் தெரிவதால் எக்ஸ்போஷரை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, நீட்டலாமே என்றால், நீட்டலாம்தான். அந்தச் சலுகையைக் கழித்த பிறகும் 20-க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளி மிஞ்சுகிறது. படத்தில் இது உடனே கண்ணில் படும். விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே பால்வீதியில் ஓடும் கறுத்த தூசிப் பட்டைகள் 14-இல் மங்கலான கறையாக வரும். 20-இல் கிளை கிளையாகப் பிரிந்து தெரியும்.

எக்ஸ்போஷர் நேரம் என்றதும் எல்லோரும் சொல்வது 500 விதி: 500-ஐக் குவிய தூரத்தால் வகு, அத்தனை வினாடி வைக்கலாம். 20 மி.மீ.க்கு 25 வினாடி. ஃபிலிம் காலத்துக்கு இது போதும். இன்றைய சென்சாருக்குப் போதாது. வான நடுக்கோட்டருகே ஒரு நட்சத்திரம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகர்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் 20 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 60 ஆர்க்செகண்ட். 25 வினாடியில் நட்சத்திரம் ஆறு பிக்சல் இழுபட்டு அரிசி மாதிரி நிற்கும். பிக்சல் அளவையும் அபர்ச்சரையும் சேர்த்துக் கணக்கிடும் என்பிஎஃப் விதிப்படி 12 வினாடி வருகிறது. நான் 10 முதல் 13 வரை வைப்பேன். துருவ நட்சத்திரத்தின் பக்கம் திரும்பினால் இன்னும் தாராளமாக வைக்கலாம், அங்கே நகர்வு குறைவு.

அகலம் குறைகிறதே என்பது நியாயமான கேள்வி. 14 கிடைமட்டமாக 104 டிகிரி பார்க்கும், 20 பார்ப்பது 84 டிகிரி. வளைந்து வரும் பால்வீதி முழுவதும் வேண்டுமென்றால் 14-உம் போதாது, எப்படியும் பனோரமாதான். பனோரமா தைப்பதற்கு 20 இன்னும் நல்லது, ஓரங்களில் உருவங்கள் கோணலாக இழுபடுவது குறைவு. விண்கல் பொழிவுக்கு மட்டும் 14-ஐ இன்னும் எடுக்கிறேன். எந்த மூலையில் எரிகல் விழும் என்று தெரியாதபோது அகலமே பலம்.

மூலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பகல் படத்தில் நல்ல பெயர் வாங்கும் லென்ஸ்கூட இரவில் மானத்தை வாங்கிவிடும். கோமா, ஆஸ்டிக்மாட்டிசம் என்ற இரண்டு லென்ஸ் குறைகளும் சேர்ந்து மூலை நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்க வைக்கும். வாங்கியதும் நான்கு மூலைகளிலும் ஒரே நட்சத்திரத்தை வைத்து எடுத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் அது வடிவமைப்பு. ஒரு பக்கம் மட்டும் மோசமென்றால் உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது, மாற்றிக் கேட்பதே வழி. என் 14 மி.மீ.யில் இடப்பக்கம் அப்படித்தான், எஃப் 4 வரை மூடினால்தான் சரியாகிறது. 20 மி.மீ. எஃப் 1.8-இலேயே பயன்படுத்தும்படி இருக்கிறது. மூலை இருட்டடிப்பு வேகமான அகல லென்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ளதுதான், எடிட்டிங்கில் ஏற்றிவிடலாம். ஏற்றும்போது மூலையில் நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கூடவே ஏறும்.

இப்போது மிரர்லெஸ்ஸுக்கு வருகிறேன். டிஎஸ்எல்ஆரை விட இதில் எனக்கு உண்மையாக லாபமாக இருந்தது ஃபோகஸ். சோனியில் பிரைட் மானிட்டரிங் என்று ஒரு வசதி உண்டு. மெனுவில் தேடிப் பிடித்து ஒரு பட்டனில் போட்டுக்கொண்டால், கும்மிருட்டிலும் திரையில் நிலமும் வானமும் தெரியும், ஃபிரேம் பார்ப்பதற்கு என்று பத்து டெஸ்ட் ஷாட் எடுக்க வேண்டாம். ஃபோகஸுக்கு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, பெரிதாக்கிப் பார்த்து, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துவேன். நடுவில் வைத்தால் மையம் பிரமாதமாகவும் ஓரம் சுமாராகவும் போய்விடும்.

தொல்லையும் இங்கேதான். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் வெறும் மின்சாரக் கட்டளை. கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது, டேப் ஒட்டியும் பயனில்லை. அதனால் பேட்டரி மாற்றினாலும் ஃபோகஸை மறுபடி பார்ப்பேன். இரவு ஏறக் குளிர் கூடும்போதும் ஃபோகஸ் நகரும். அந்த விஷயத்தில் பழைய மேனுவல் 14 தங்கம். வைத்த இடத்தில் நிற்கும். சிக்மா 2023-இல் கொண்டுவந்த 14 மி.மீ. எஃப் 1.4-இல் ஃபோகஸைப் பூட்ட ஒரு சுவிட்சும், லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் ஹீட்டர் பட்டை நழுவாமலிருக்க ஒரு விளிம்பும் வைத்திருக்கிறார்கள். யாரோ இரவில் நின்று கஷ்டப்பட்டுதான் இதை யோசித்திருக்க வேண்டும். எடைதான் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. என் 20 மி.மீ. 373 கிராம்.

ஹீட்டர் பட்டை என்றேன் அல்லவா, அதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். முன் கண்ணாடியில் பனி படிவது மெதுவாக நடப்பதால் திரையில் பார்த்தால் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைசி ஒரு மணி நேரப் படமெல்லாம் புகைமூட்டமாக இருக்கும். பவர் பேங்கில் ஓடும் பட்டையைக் குறைந்த சூட்டில் ஆரம்பத்திலிருந்தே போட்டுவிட வேண்டும். அதே பவர் பேங்கிலிருந்து யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்கும் கரண்ட் கொடுத்தால் பேட்டரிக் கவலை போய்விடும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) பற்றி நடக்கும் சண்டையில் நான் அதிகம் இறங்குவதில்லை. இந்தச் சென்சாரில் 640-இல் நாய்ஸ் குறைவான இரண்டாவது கெயின் (பெருக்க நிலை) ஆரம்பிக்கிறது, அதற்குமேல் ஏற்றுவதால் கிடைப்பது சொற்பம், பிரகாசமான நட்சத்திரங்களின் நிறம்தான் வெளுக்கும். 1600-இல் வைத்து மறந்துவிடுகிறேன். நாய்ஸைக் குறைக்க வழி ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப எடுத்து அடுக்குவதுதான். 16 படம் அடுக்கினால் நாய்ஸ் கால்பங்காகும். அடுக்கும் மென்பொருள்களில் சீக்குவேட்டர், சிரில் இரண்டும் இலவசம். நிலத்தையும் வானத்தையும் பிரித்து அடுக்க சீக்குவேட்டர் சுலபம். அடுக்கும் வழக்கம் வந்த பிறகு டிராக்கரை (வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் கருவி) அகலக் கோணத்துக்குத் தூக்கிப் போவது குறைந்துவிட்டது. ஒன்று, அந்தக் கனம். இன்னொன்று, டிராக்கர் வானத்தைப் பிடித்து நிறுத்தினால் நிலம் இழுபடும், நிலத்துக்குத் தனியாக வேறு எடுக்க வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: லென்ஸ் மிகக் கூர்மையாக இருந்தால் விண்மீன் கூட்டங்கள் காணாமல் போகும். பெரிய நட்சத்திரமும் சின்னதும் ஒரே அளவுப் புள்ளியாக வந்துவிடுவதால் ஓரையன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டர் போட்டால் திருவாதிரையின் செம்மையும் ரீகலின் நீலமும் பூத்துக்கொண்டு வெளிவரும். முன்னால் மாட்டும் ஃபில்டர் அகல லென்ஸில் மூலை நட்சத்திரங்களை நீள்வட்டமாக்கும், அதனால் பாதிப் படம் ஃபில்டரோடும் பாதி இல்லாமலும் எடுத்துக் கலந்துகொள்கிறேன். நகர வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டருக்கு மட்டும் காசு செலவழிக்காதீர்கள். சோடியம் விளக்குக் காலத்தில் அது வேலை செய்தது. எல்இடி ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கிறது, எதை வெட்டுவது?

இன்னும் தீராத ஒரு குறை, சிவப்பு. நெபுலாக்கள் எனும் விண்வெளி வாயு மேகங்களின் ஹைட்ரஜன் ஒளி 656 நானோமீட்டரில் வருகிறது, சாதாரணக் கேமராவின் சென்சார் முன்னுள்ள ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அந்த ஃபில்டரை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் பகல் படங்களின் நிறம் போய்விடும். இருக்கும் ஒரே உடலில் அதைச் செய்ய மனம் வரவில்லை. பழைய உடல் ஒன்று தனியாகக் கிடைத்தால் பார்க்கலாம்.