மண்டபம் படகுப் பட்டறையில் என் பழைய ஜிப்சி

கூடாரப் பயணத்துக்காக என் மாருதி ஜிப்சி ஜீப்பில் வேலை பார்த்த கதை இது. முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 71,400 ரூபாய். மேலே கேரியர், பின்னால் இழுப்பறைப் பெட்டி, இரண்டாவது பேட்டரிக்கு வயரிங், சேஸின் அடிப்பகுதி முழுக்கச் சுரண்டிப் பெயின்ட், எல்லாம் இதில் அடக்கம். பேட்டரி விலை மட்டும் தனி. வேலை நடந்தது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், விசைப்படகுகளைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பட்டறையில். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் விளிம்பு தேய்ந்த பழைய புரொப்பல்லர் ஒன்று கிடக்கும், அதுதான் அடையாளம். வேலை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாடைக் காற்று இரண்டு தடவையும், ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று ஒரு தடவையும் வண்டி மேல் அடித்து ஓய்ந்துவிட்டன. வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் பெயின்டின் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

எனக்குக் கீழக்கரை. ஷார்ஜாவில் 14 வருஷம் இருந்தேன். வியாழன் ராத்திரி ஆனால் கூட்டாளிகளோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போடுவது அங்கே பழகிய பழக்கம். ஊருக்கு வந்த பிறகும் அது விடவில்லை. 2007 மாடல் ஜிப்சி கிங் ஒன்று மதுரைப் பக்கம் விலைக்கு வந்தது. 1.3 லிட்டர் பெட்ரோல், ஹார்டு டாப், நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டை. 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்த வண்டி. எஞ்சினில் குறையில்லை. சேஸிலும் அப்போது துரு அவ்வளவாக இல்லை, மதுரை வண்டி என்பதால்.

வாங்கிய கையோடு தப்பு செய்தேன். பெரிய ஊர் ஒன்றில், ஜீப்புக்கென்றே சாமான் விற்கும் கடையில் 32,000 கொடுத்து ஒரு கேரியர் மாட்டினேன். கறுப்பு பவுடர் கோட்டிங், பார்க்க அழகு. எட்டு மாதத்தில் வெல்டிங் போட்ட மூலைகளில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் நிமிண்டினால் கோட்டிங் தகடு தகடாக உரிந்து வந்தது, உள்ளே செம்பொடி. கடைக்காரரிடம் கேட்டதற்கு, கடற்கரையில் ஓட்டினால் கேரன்டி இல்லை என்றார். என் வீட்டு மாடியில் நின்றாலே கடல் தெரியும். நான் வேறெங்கே ஓட்டுவது?

மண்டபத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் மச்சான்தான் இந்தப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மேஸ்திரி அந்தக் கேரியரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அப்புறம் ஒரு பைப்பின் முனையில் விரலை விட்டுக் காட்டினார்.

"பாய், பைப்போட வாயை அடைக்காமலே விட்டிருக்காங்க. மேலேருந்து அரிக்கல, உள்ளேருந்து அரிச்சிருக்கு. உப்புக்காத்து உள்ளே போயிருச்சு, வெளியே வர வழி தெரியல."

அந்த ஒரு சொல்லிலேயே வண்டியை இவரிடம் விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்தக் கரையில் வண்டியைத் தின்பது மணலும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை, உப்பு. உப்போடு தினமும் மல்லுக்கட்டுகிற கை படகுக்காரர் கை. காட்டுப் பாதைக்கும் மலைக்கும் சாமான் செய்கிறவர்களுக்கு அது தெரியவில்லை.

புதுக் கேரியரை எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு பைப்பில் செய்யலாம் என்றார். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 304 என்கிற ரகம். அது வேண்டாம், 316 தான் வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். 316-ல் மாலிப்டினம் கலந்திருக்கிறது. உப்பு புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அது தாங்கும். படகின் கைப்பிடிக் கம்பிக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தவர் என்பதால் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறிய 304 துண்டு ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்தே காட்டினார். ஆர்கான் வெல்டிங். ஒவ்வொரு பைப் முனையையும் வட்டத் தகடு வைத்து அடைத்தார். வெல்டிங் சூட்டில் நீலம் பாரித்த இடமெல்லாம் ஆசிட் பேஸ்ட் தடவி, நல்ல தண்ணீரில் கழுவினார். அந்த நீலத்தை அப்படியே விட்டால் துரு அங்கேதான் பிடிக்குமாம். மொத்தம் 24 கிலோ. பழையது 41. ஜிப்சி மாதிரி குறுகலான, உயரமான வண்டிக்குத் தலையில் 17 கிலோ குறைவது வளைவில் நன்றாகவே தெரிகிறது.

கேரியரின் கால் கூரை விளிம்பில் உட்காரும் இடத்தில் படகு ஃபெண்டர் ரப்பரை வெட்டி வைத்தார். "இரும்பும் எஸ்எஸ்ஸும் முட்டிக்கிட்டு நடுவில உப்புத்தண்ணி நின்னுச்சுன்னா, சாகப்போறது இரும்புதான்" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த மின்வேதியியல், ஒரே வரியில்.

அதே பாடத்தை நினைத்துக்கொண்டு நான் ஒன்று கேட்டேன். படகின் அடியில் ஜிங்க் கட்டி வைக்கிறார்களே, இரும்புக்குப் பதில் தான் கரைந்து காப்பாற்றுமே, அதை சேஸில் நாலு இடத்தில் முடுக்கினால் என்ன? அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகவே சொன்னார். கட்டியும் காப்பாற்ற வேண்டிய இரும்பும் ஒரே தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால்தான் அது வேலை செய்யும், காற்றில் தொங்கும் வண்டிக்குப் பயனில்லை. விற்கிற ஆளாக இருந்தால் நாலு கட்டியை மாட்டிக் காசு வாங்கியிருப்பார்.

சேஸ் வேலைக்கு மட்டும் ஆறு நாள் ஆனது. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, ஜிங்க் கலந்த எபாக்சி பிரைமர் ஒரு கை, மேலே படகின் எஞ்சின் அறைக்கு அடிக்கும் எபாக்சி பெயின்ட் இரண்டு கை. சேஸில் தண்ணீர் வடிய நிறுவனமே விட்டிருக்கும் துளைகளில் பாதி, மண் அடைத்துக் கிடந்தன. அத்தனையையும் கம்பி விட்டுக் குத்தித் திறந்தார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்த வாரமே ஒரு கம்பியோடு வண்டிக்கு அடியில் படுத்து அந்தத் துளைகளைப் பாருங்கள். அதற்குக் காசு ஒன்றும் இல்லை.

வயரிங்கும் படகுக்காரர் வேலைதான். எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், ஒயர்லெஸ் எல்லாம் படகில் ஓடுவது டிசி கரன்டில். பட்டறைப் பையன் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைத்தான் இழுத்தான். சாதாரண செம்பு வயர் இங்கே ஒரு வருஷத்தில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்ற டிசி சார்ஜர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். டெர்மினலில் வாசலின். இதுவரை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கும் தேவை வரவில்லை.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தில் என் எண்ணமே மாறிவிட்டது. ஷார்ஜாவில் 40 லிட்டர் கம்ப்ரசர் பெட்டி இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். அதே அளவில் வாங்கக் காசோடு நின்றேன். மேஸ்திரி மீன்காரர்களின் ஐஸ் பெட்டியைக் காட்டினார். மண்டபத்து ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கி உடைக்காமல் வைத்தால் மூன்றாம் நாள் காலையிலும் பாதிக் கட்டி மிச்சம் இருக்கிறது. நொறுக்கிய ஐஸ் ஒன்றரை நாளைத் தாண்டாது. இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு ஐஸ் பெட்டி போதும் என்பது என் தீர்ப்பு. ஆனாலும் 15 லிட்டரில் சின்னதாக ஒரு குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறேன். காரணம் உம்மா. அவருக்கு இன்சுலின். 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலோ மருந்து பாழ். ஐஸில் சாத்தி வைக்கிற விளையாட்டு அதற்கு ஆகாது. 72 வயதில் அவர் எங்களோடு வந்து உடைமர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க முடிகிறதென்றால் அந்தச் சின்னப் பெட்டியால்தான்.

இழுப்பறையில் மட்டும் நான் சொன்னதைக் கேட்டு அவர் செய்தார், அதுதான் கெட்டது. பலகை நல்ல பலகை, ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். வீட்டு அலமாரிக்கு மாட்டும் பால் பேரிங் சேனல் வேண்டும் என்றது நான். மணல் போனால் இறுகிடும் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது பயணத்திலேயே இறுகியது. அடுப்பும் சட்டியும் உள்ளே, நாங்கள் பசியோடு வெளியே. அப்புறம் சேனலைக் கழற்றிவிட்டு நைலான் பட்டையில் வழுக்கும்படி மாற்றினார். துடைத்தால் போதும், எண்ணெய்கூட வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது நாள் என்றார், 23 நாள் ஆனது. நடுவில் ஒரு படகின் ஷாஃப்ட் வளைந்து வந்தது, என் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கடலுக்குப் போகிறவன் பிழைப்பு முதலில், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழக்கரையிலிருந்து இரண்டு தடவை வீணாக அலைந்தேன். கேரியர் விளக்கு வயருக்காக என்னைக் கேட்காமல் கூரையில் ஓட்டை போட்டது பெரிய வருத்தம். முதல் ஐப்பசி மழையில் டிரைவர் சீட் நனைந்தது. பிறகு வயரைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் இறுக்கும் கிளாண்ட் வைத்துச் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். வெல்டிங் உறுதியாக இருக்கும், அழகாக இருக்காது.

வண்டிக்கு முன்னால் புல் பார் என்கிற தடுப்புக் கம்பி போட்டுத் தருவீர்களா என்று இன்னொருவர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை போட்டாயிற்று. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நான் வண்டியை உயர்த்தவுமில்லை, டயர் அளவை மாற்றவுமில்லை. கேரியரையும் நாலு போல்ட் கழற்றினால் இறக்கிவிடலாம், எஃப்சிக்குப் போகும்போது இறக்கிவிட்டுத்தான் போவேன்.

மணலுக்குப் பெரிய டயர் தேவையும் இல்லை. தார் ரோட்டில் 26 பிஎஸ்ஐ வைத்திருக்கும் காற்றை 15-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் பரவி ஜிப்சி மிதந்து போகிறது. திரும்ப ஏற்ற கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர்தான் இங்கே தொல்லை. கருவேல முள் ஒரு பக்கம், உடைமுள் ஒரு பக்கம். உடைமுள் வெள்ளையாக விரல் நீளம் இருக்கும், பக்கவாட்டில் குத்தினால் டயரே போச்சு. ஜாக்கி மணலில் புதையாமல் இருக்க மிச்சமான மரைன் பிளைவுட்டில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டிக்கொடுத்தார். இதுவரை நாலு தடவை உதவியிருக்கிறது.

நாங்கள் வழக்கமாகத் தங்குவது மூக்கையூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பனந்தோப்பில். கடற்கரை மணலில் வண்டியை இறக்க மாட்டேன். தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிட ஏறும் கரை அது. சக்கரம் ஏறினால் குழி இறுகிப்போகும், குஞ்சு மேலே வர முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். எங்கே தங்கினாலும் பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இலங்கை எதிரே இருக்கும் கரை, ராத்திரி விளக்கு தெரிந்தால் கடலோரக் காவல்படையினர் வந்து விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும்.

போன ஆடியில் அந்தத் தோப்பில் கச்சான் காற்று ராத்திரி முழுக்க அடித்தது. மணலில் கூடார முளை நிற்காது. அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, முழங்கை ஆழம் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டியிருந்தேன். இதுவும் பட்டறையில் கற்றதுதான். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, ஒரு முடிச்சும் அவிழவில்லை. விடிந்ததும் கேரியரைத் தடவிப் பார்த்தேன். உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் கீழே பைப் பளிச்சென்றிருந்தது.

திரும்பி வந்ததும் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, வாட்டர் சர்வீஸில் அதைத்தான் பீய்ச்சுகிறார்கள். நான் காவிரித் தண்ணீர் வரும் நாளில் நாலு குடம் தனியாகப் பிடித்துவைத்து, கைப் பம்பில் அடித்துக் கழுவுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போகாமல் நிற்கும், பட்டறையில் உங்களுக்கு நிற்கவே இடம் இருக்காது. மற்ற மாதங்களில் படகுகள் கடலுக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வண்டியை விடும்போது, கூரையில் ஓட்டை போடக் கூடாது என்று மறக்காமல் சொல்லுங்கள். ஸ்பேர் வீல் கதவின் கீல் கொஞ்சம் தொங்குகிறது, நான் வருகிற செவ்வாய்க்கிழமை போகிறேன்.