பீன்யா பட்டறையில் ஒரு கேரம் போர்டு: மூன்று வருட அனுபவம்

2022 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வாங்கியது. வீட்டுக்கு வாங்கியிருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன். பெங்களூரு பீன்யாவில் நான் சூப்பர்வைசராக இருக்கும் சிஎன்சி பட்டறைக்காக (கம்ப்யூட்டர் மிஷினில் உலோகம் கடையும் இடம்) வாங்கினேன். 38 பேர், இரண்டு ஷிப்ட். தமிழ், கன்னடம், ஒடியா, போஜ்புரி என்று ஒரு மிஷினுக்கு ஒரு மொழி.

மதியம் சாப்பிட்டதும் ஆளுக்கொரு மூலையில் போனோடு ஒதுங்கிவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்பார்கள். அது மரியாதை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதிருந்த 1948 ஃபேக்டரி சட்டப்படி 150 பேருக்கு மேல் இருந்தால்தான் ஓய்வறை கட்டாயம், 250க்கு மேல் போனால்தான் கேன்டீன். எங்கள் மாதிரி சின்னப் பட்டறைக்குச் சட்டம் கொடுத்தது அரைமணி நேர இடைவேளை மட்டும். அந்த அரைமணியாவது கொஞ்சம் கலகலப்பாகப் போகட்டும் என்றுதான் தகரக் கொட்டகை ஓரத்தில் போர்டைப் போட்டேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், பிளைவுட் தடிமன் 8 மி.மீ. கடைக்காரர் 4 மி.மீ. போர்டைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். அது வேண்டவே வேண்டாம். தகர டப்பாவில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், ரிபவுண்டும் எடுபடாது. ஸ்டாண்டு, காய், ஸ்ட்ரைக்கர் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பாதி முதலாளி கொடுத்தார், பாதி என் பாக்கெட்.

பட்டறையில் இதற்கு முதல் எதிரி, மிஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய். கை கழுவாமல் ஆடியதில் இரண்டே மாதத்தில் நான்கு பக்கமும் கறுப்புத் திட்டு விழுந்துவிட்டது, இன்றுவரை போகவில்லை. இரண்டாவது மழைக்காலம். பவுடர் கட்டிதட்டி, காய் பாதி வழியிலேயே நின்றுவிடும். மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். வெளிச்சத்துக்கும் ஆச்சு, அந்தச் சூட்டில் ஈரமும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

போர்டுக்கு நான் செய்த கெடுதலும் உண்டு. முதல் மாதம் நான் இருக்கும்போது யாரும் ஆடவில்லை. கூச்சப்படுகிறார்கள் போல என்று நினைத்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ கிளாஸோடு பக்கத்தில் போய் நின்று, "அந்த லாட் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பேன். ஓசூர்ப் பையன் ஒருத்தன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ண்ணா, நீங்க வந்தா காயே உள்ள போக மாட்டேங்குது." சுருக்கென்று இருந்தது. அன்றிலிருந்து போர்டு பக்கத்தில் வேலைப் பேச்சு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை மீறியும் இருக்கிறேன். மீறின நொடியே தெரிந்துவிடும், நாலு பேரும் ஸ்ட்ரைக்கரைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

ஆட்டம் சூடுபிடித்தது கூட்டிப் பெருக்கும் அக்காவால். இரண்டு மாதமாகத் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், "நானும் ஒரு போர்டு ஆடட்டுமா சார்?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், நடுவிரலை மடக்கி ஒரு சுண்டு. ரெட் விழுந்தது, அடுத்த அடியிலேயே அதை உறுதி செய்யும் ஃபாலோ காயும். வியாசர்பாடியில் பிறந்து கேரம் கிளப் வாசலில் வளர்ந்தவராம். அந்தப் பக்கத்துக்காரர்தான் உலக சாம்பியன் இளவழகி என்பதே எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கியதும், "எங்க ஏரியாப் பொண்ணு" என்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவந்து கொடுத்தார். அதுவரை "ஏ அம்மா, இங்க கூட்டு" என்று கூப்பிட்டவர்கள்கூட இப்போது அக்கா என்கிறார்கள். இதை நான் சொல்லிச் செய்ய வைத்திருக்க முடியாது.

சொதப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். போர்டு வாங்கிய மறு வருட ஆயுத பூஜைக்கு டோர்னமென்ட் வைத்தேன். ஷிப்டுக்கு ஒரு டீம், 2,000 ரூபாய் பரிசு, சுவரில் சார்ட். ஃபாலோ விழுந்ததா இல்லையா என்று ஒரு தகராறு, பேச்சு எங்கெங்கோ போய் சொந்த ஊர் வரைக்கும் இழுத்துவிட்டது. இரண்டு பேர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார்ட்டை நானே கிழித்துப் போட்டேன். அதற்கப்புறம் பரிசும் இல்லை, பாயின்ட் எழுதுவதும் இல்லை.

"இதனால ரிஜெக்‌ஷன் குறைஞ்சுதா?" என்று முதலாளி வருடா வருடம் கேட்கிறார். கெட்டுப்போகும் பீஸ் குறைந்தது என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். புதிதாகச் சேர்ந்த ஒடியாப் பையன் ஒருத்தன் நான் ஃபவுல் அடித்தபோது விடாமல், "சார், மைனஸ்! காய் வைங்க" என்று மல்லுக்கு நின்றான். வைத்தேன். பத்து நாள் கழித்து அவனே நடுவில் துளை போட்ட ஆறு புஷ் பீஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். இன்சர்ட் (மிஷினின் வெட்டும் முனை) தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டதாகவும், துளையின் சைஸ் கூடிவிட்டதாகவும் பாதி கன்னடம் பாதி இந்தியில் சொன்னான். முன்பெல்லாம் அந்த மாதிரிப் பீஸ் ஸ்கிராப் தொட்டியின் அடியில் போய்விடும், கஸ்டமர் திருப்பி அனுப்பினால்தான் எனக்கு விஷயமே தெரியும். கேரம் ஆடியதால்தான் வந்தானா என்றால், தெரியாது. மைனஸ் கேட்ட அதே குரலில்தான் பேசினான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இடைவேளை முடியும் முன்னாலேயே வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நீங்கள் என்றால் காசை வீணாக்காதீர்கள். ஆட உட்கார்ந்தால் தோற்கத் தயாராக உட்காருங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை, நான் நிஜமாகவே மோசமாக ஆடுவேன்.

இப்போது ஒரு மூலைப் பையின் வலை கிழிந்து கேபிள் டை போட்டு நிற்கிறது. ஸ்ட்ரைக்கரும் விளிம்பில் சில்லு பெயர்ந்துவிட்டது. புதுசு வாங்க பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வருகிறார்கள். என்னிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.