தனியாளாக வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப் போகிறீர்களா, பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எனக்கு 41 வயது, திருமணம் ஆகவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும் என்று பல வருடமாகச் சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரு இடைத்தரகு நிறுவனத்திடம் போய்விட்டது, கூடவே ஒன்றரை வருடமும். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் போனிலேயே, "உங்களை மாதிரி தனியாக இருப்பவர்களைப் பல நாடுகளில் ஏற்க மாட்டார்கள் மேடம், எங்களுக்குத் தனி வழி இருக்கிறது" என்றார்கள். முதல் பாதி உண்மைதான். தம்பதிகளுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் நாடுகள் உண்டு, தனிப் பெண் என்றால் சரி, தனி ஆண் என்றால் கூடாது என்கிற இடங்களும் உண்டு, சில இடங்களில் தனியாளுக்குக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைத்தான் தருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பயந்து போயிருந்தேன், அந்தப் பயத்தால்தான் பின்பாதிப் பொய்யை நம்பினேன்.

மூன்றாவது வாரம் ஒரு படம் வந்தது. நாலு வயது இருக்கும், பெண் குழந்தை, சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததால் கழுத்துப் பக்கம் கோணலாக இருந்தது, ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்திருந்தாள். கூடவே ஒரு குரல் பதிவு: இன்னொரு குடும்பமும் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் பிள்ளையை உங்களுக்கென்று நிறுத்தி வைக்கிறோம். வியாழன் இரவே கட்டிவிட்டேன். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை, அந்தப் பொத்தானைச் சரி செய்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது இது. 1993 மே 29-இல் கையெழுத்தான ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி முதலில் நம் நாட்டு மைய அதிகார அமைப்பு (தத்தெடுப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) நாம் தகுதியானவரா என்று பார்த்து, ஹோம் ஸ்டடி அறிக்கையை, அதாவது நம் வீட்டையும் சூழ்நிலையையும் விசாரித்து எழுதும் அறிக்கையை, குழந்தையின் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் அந்த நாடு தன் பிள்ளைகளில் யாருக்கு இந்த வீடு பொருந்தும் என்று பார்க்கும். பிள்ளைக்கு வீடு தேடுகிறார்கள், நமக்குப் பிள்ளை தேடவில்லை. தத்தெடுப்பை வைத்து யாரும் முறையற்ற லாபம் பார்க்கக் கூடாது, செலவும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் மட்டுமே வாங்கலாம் என்று 32-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையை 'நிறுத்தி வைக்க' முன்பணம் கேட்பது எந்த வகையில் சேரும் என்று நீங்களே பாருங்கள்.

ஹோம் ஸ்டடியும் அப்படித்தான். நிறுவனம் ஏற்பாடு செய்த பெண்மணி இரண்டு வீடியோ காலில் முடித்துவிட்டார். அது செல்லாது, அவருக்கு அங்கீகாரமே இல்லை என்று எங்கள் மைய அமைப்பில் சொன்னபோதுதான் தெரிந்தது. பிறகு முறையாக வந்தவர் வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள், நீங்கள் இறந்துவிட்டால் யார் வளர்ப்பார்கள், பெற்ற தாயைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அக்காவிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கித் தரச் சொன்னார். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்காத அறிக்கை வெறும் காகிதம். (போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் காலாவதியாகும், அவசரப்பட்டு முதலிலேயே எடுக்காதீர்கள், நான் இரண்டு தடவை எடுத்தேன்.)

கடைசியில் படத்திலிருந்த பிள்ளையின் நாடு என்று அவர்கள் சொன்ன நாட்டின் மைய அமைப்புக்கு நானே எழுதினேன். திருமணமானவர்களுக்கு மட்டும், பல வருடமாகவே இதுதான் விதி என்று பதில் வந்தது. நிறுவனத்திடம் கேட்டால், "விதி திடீரென்று மாறிவிட்டது" என்று அவர்களோடு நான் போட்ட ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள், நாட்டு விதி மாறினால் பணம் திரும்பாதாம். நாடுகள் நிஜமாகவே கதவை அடைத்திருக்கின்றன, குவாத்தமாலா 2008-இல், எத்தியோப்பியா 2018-இல், சீனா 2024-இல் உறவினர் அல்லாதவர்களுக்கு நிறுத்தியது. அதனால்தான் கேட்பவர்கள் இந்தச் சாக்கை நம்பிவிடுகிறார்கள். அப்புறம் இன்னொன்று சொன்னார்கள், ஒரு திருமணச் சான்றிதழ் மட்டும் தயார் பண்ணிவிடலாமாம். பொய்க் காகிதத்தில் வரும் பிள்ளையின் குடியுரிமையே நாளைக்குக் கேள்வியாகும். போனை வைத்துவிட்டேன்.

யாருக்கும் ஒரு காசு கொடுக்கும் முன், ஹேக் மாநாட்டின் (இந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய அமைப்பு, HCCH) இணையதளத்தில் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளின் மைய அமைப்பு முகவரிகள் இருக்கின்றன, நீங்களே எழுதிக் கேளுங்கள்: தனியாளை ஏற்கிறீர்களா, என் வயதுக்கு எந்த வயதுப் பிள்ளை, இந்த நிறுவனத்துக்கு உங்கள் நாட்டில் அனுமதி உண்டா. பதில் எழுத்தில் வரட்டும். நாடு நிறுத்திவிட்டால் எந்தத் தொகை திரும்பும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

அந்தப் படத்தையும் புகாரோடு அனுப்பியிருந்தேன். இந்த விவரங்களோடு தத்துக்குரிய பிள்ளை யாரும் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று அந்த நாட்டு அமைப்பிடமிருந்து போன மாதம் பதில் வந்தது. அவளுக்கு வீட்டில் அம்மா இருக்கிறாள் என்றே நம்புகிறேன். படத்தைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன், புகார்க் கோப்பில் மட்டும் ஒரு பிரதி இருக்கிறது.