57-ஆ, 64-ஆ? பேட்டரி ரம்பம் வாங்குவதற்கு முன்

எங்கள் வீட்டு மாடியைப் புதுப்பித்தபோது வந்த கார்பெண்டர் அண்ணன் பிளைவுட் அறுத்ததெல்லாம் நாலு இன்ச் மார்பிள் கட்டரில்தான். கல்லும் டைல்ஸும் அறுப்பதற்கான மெஷின் அது. அதில் மரத்துக்கான பல் பிளேடை மாட்டி, ஓரத்தில் ஓர் அலுமினியச் சட்டத்தை வைத்து, நூல் பிடித்த மாதிரி அறுத்துவிடுவார். சின்னது, விலை குறைவு, கார்பன் பிரஷ் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பத்துக்கு (சர்குலர் சா) நம் ஊரில் முதல் போட்டி இன்னொரு பேட்டரி மெஷின் இல்லை, இந்தக் கட்டர்தான்.

அதில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று வேகம். நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டும். மரத்துக்கென்று செய்த ரம்பம் 5,000 சுற்றை ஒட்டி ஓடும். இன்னொன்று மூடி. வட்ட ரம்பத்தைத் தூக்கியதும் ஸ்பிரிங் போட்ட கீழ் மூடி தானாக வந்து பிளேடை மறைத்துக்கொள்ளும். கட்டரில் அது கிடையாது. சுற்றி ஓயாத பிளேடோடு அதைத் தரையில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தவிர, அது இறங்குகிற ஆழமும் முப்பத்துச் சொச்சம் மில்லிமீட்டர்தான்.

சரி, பேட்டரி ரம்பம்தான் என்று முடிவானால் கடைக்காரர் வோல்ட்டிலிருந்து ஆரம்பிப்பார். நான் மரத்தின் கனத்திலிருந்து ஆரம்பிப்பேன். தலைப்பில் உள்ள 57, 64 இரண்டும் பிளேடு மரத்துக்குள் இறங்குகிற ஆழம், மில்லிமீட்டரில்.

சின்னதை முதலில் பார்ப்போம். பாஷ் ஜிகேஎஸ் 12வி-26, மகிட்டா எச்எஸ்301டி. இரண்டிலும் 85 மில்லிமீட்டர் பிளேடு. பாஷ் பெயரில் உள்ள 26 அதன் அறுவை ஆழம், மகிட்டா 25.5. பொம்மை என்று தோன்றும். ஆனால் கபோர்டுக்குப் போடுகிற பிளைவுட் 18, 19 மில்லிமீட்டர்தானே. தட்டு, பக்கப்பலகை, 6 மில்லிமீட்டர் பின்பலகை எல்லாம் இதில் முடியும். எடை ஒன்றரை கிலோவை ஒட்டி. சுற்று வேகம் 1,500 பக்கம்தான் என்பதால் அவசரப்பட்டுத் தள்ளினால் திணறி நின்றுவிடும். மெதுவாகப் போகிறவருக்கு நல்ல மெஷின். பிளஷ் டோரின் அடியைக் கொஞ்சம் அறுத்துவிடலாம் என்று எடுத்தால் மட்டும் ஏமாற்றும். கதவு 30, 35 மில்லிமீட்டர் கனம்.

அடுத்தது 18 வோல்ட், 165 மில்லிமீட்டர் பிளேடு. மகிட்டா டிஎச்எஸ்680, பாஷ் ஜிகேஎஸ் 18வி-57 இரண்டும் 57 மில்லிமீட்டர் இறங்கும். டிவால்ட் டிசிஎஸ்391 போனால் 55. கதவு, ரீப்பர், இரண்டு இன்ச் சட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பிளைவுட், எல்லாம் ஒரே ஓட்டத்தில் அறுபடும். சாய்த்து 45 டிகிரியில் அறுக்கும்போது ஆழம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்; டிஎச்எஸ்680 அப்போது 41 மில்லிமீட்டர்.

மூன்றாவது 184 மில்லிமீட்டர் பிளேடு போட்ட டிவால்ட் டிசிஎஸ்570. ஆழம் 64. இங்கேதான் ஒரு சுவாரசியம். கதவு நிலைக்கு ‘அஞ்சுக்கு ரெண்டரை’ என்று சட்டம் வாங்குகிறோமே, அந்த இரண்டரை இன்ச் என்பது 63.5 மில்லிமீட்டர். 57 மெஷினில் கீழே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நிற்கும், திருப்பிப் போட்டு மறுபக்கம் அறுக்க வேண்டும். 64 மெஷின் அரை மில்லிமீட்டர் மிச்சத்தில் தப்பிக்கும். அதுவும் புது பிளேடில்தான். இரண்டு தடவை சாணை பிடித்தால் பிளேடு தேயும், அந்த அரை மில்லிமீட்டர் போய்விடும். மூன்று இன்ச் நிலையை இந்த மூன்றில் எதுவும் ஒரே ஓட்டத்தில் அறுக்காது.

அப்படியானால் பெரியதா? வீட்டு வேலைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. நிலைச் சட்டத்தை மர டிப்போவிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடலாம். வீட்டுக்குள் நாள் முழுக்க அறுபடுவது பிளைவுட்டும் ரீப்பரும். அதற்கு 165 போதும், எடையும் குறையும். தினம் சைட்டில் தேக்கும் வேங்கையும் அறுப்பவர்கள் டிசிஎஸ்570 பக்கம் போகலாம். ஆனால் அவர்களிடமும் ஏழு இன்ச் ஒயர் மெஷின் ஒன்று இருப்பது நல்லது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் உள்ளே இருப்பது 90 வாட்-அவர், அதாவது 90 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம். பாஷ் ஜிகேஎஸ் 190 மாதிரியான ஒயர் மெஷினின் அளவு 1,400 வாட். அதே இழுவையை இந்தப் பேட்டரியிடம் கேட்டால் நாலு நிமிடம்கூடத் தாங்காது. பிளைவுட் அறுக்கும்போது அவ்வளவு இழுக்காது, அதனால் பிழைத்தோம். கனமான தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தால் பேட்டரியின் விளக்குகள் மளமளவென்று அணையும். வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. சூடான பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால், அது ஆறும்வரை சார்ஜ் ஏறாது. ஒன்று ஓட ஒன்று ஆற என்று இரண்டு பேட்டரியாவது வேண்டும்.

பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதி விளம்பரம் பொடிப்பொடியாகிவிடும். 18 வோல்ட் என்பது 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்தைத் தொடராக இணைத்தது. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும், ஐந்துக்கு 21. டிவால்ட் அமெரிக்காவில் ‘20வி மேக்ஸ்’ என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 என்று விற்பதும் இந்த ஒரே ஐந்து செல்தான். 20 என்று போட்டிருப்பதால் இரண்டு வோல்ட் கூடுதல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான் சிரிக்காமல் ஏமாந்த கதையும் உண்டு. ஆன்லைனில் ‘88விஎஃப்’ என்று பெரிதாக அச்சடித்த ரம்பம் ஒன்று, இரண்டு பேட்டரியோடு, நம்ப முடியாத விலைக்கு. பெயரை விடுங்கள். வந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 20.6 வோல்ட். அந்த 88 சும்மா ஒரு எண். முதல் பிளைவுட்டில் மூன்றடி போனதும் நின்றது. விட்டுப் பிடித்தால் ஓரடி, திரும்ப நின்றது. பேட்டரியைத் திறந்தேன், ஐந்தே செல். ரம்பம் ஒரே நேரத்தில் கேட்கும் கரண்டை ஒற்றை வரிசை செல்களால் கொடுக்க முடியாது. நல்ல 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பொதுவாகப் பத்து செல், இரண்டிரண்டாக இணைந்திருக்கும், சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். டிரில்லோடு இலவசமாக வந்த 2 ஆம்பியர்-அவர் பேட்டரியை ரம்பத்தில் மாட்டிவிட்டு மெஷினைத் திட்டுவது இதனால்தான் நியாயமில்லை.

மூன்று கம்பெனிகளில் எது? உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிரில் எதுவோ அது. இதைச் சலிப்பான பதில் என்று நினைக்காதீர்கள், இரண்டு பேட்டரியும் சார்ஜரும் பல நேரம் மெஷின் விலைக்கு நிகராக வந்துவிடும். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பாஷில் நீல மெஷினின் பேட்டரி பச்சை மெஷினில் சேராது, இரண்டுமே 18 வோல்ட் என்றாலும். மகிட்டாவில் 18 வோல்ட் எல்எக்ஸ்டி பேட்டரியும் 40 வோல்ட் எக்ஸ்ஜிடியும் வேறு வேறு. 18 என்றே போட்ட ஜி வரிசை பேட்டரியும் எல்எக்ஸ்டியில் ஏறாது. பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஒன்றுமே இல்லாமல் புதிதாக ஆரம்பிப்பவர் என்றால், பாஷ் 57-இல் ஜி என்ற எழுத்து சேர்ந்த மாடலைப் பார்க்கலாம். அது வழிகாட்டி ரயிலில் (ரம்பம் கோணாமல் ஓட வைக்கும் நீளச் சட்டம்) நேராக உட்காரும். எட்டுக்கு நாலு பிளைவுட்டை நீளவாக்கில் எட்டடி நேராக அறுப்பதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. ரயில் இருந்தால் அது விளையாட்டு. சார்ஜ் வேகம் முக்கியம் என்றால் மகிட்டா. அதன் ஃபேன் வைத்த டிசி18ஆர்சி சார்ஜர் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை 45 நிமிடத்தில் நிரப்பும். நான் மகிட்டா ஆள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, முதலில் வாங்கிய டிரில் அது.

ரயிலுக்குப் பணம் இல்லையா? 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஓரடி அகலத் துண்டு ஒன்று, அதன்மேல் 12 மில்லிமீட்டரில் மூன்று இன்ச் பட்டை ஒன்றை ஸ்குரூ போட்டுப் பதியுங்கள். பட்டையின் ஒரு ஓரம் கம்பெனி அறுவையாக, நேராக இருக்க வேண்டும். ரம்பத்தின் தட்டை அந்த ஓரத்தில் உரசவிட்டு ஒருமுறை ஓட்டினால் கீழ்ப் பலகையின் உபரி அறுந்து விழும். மிஞ்சிய விளிம்புதான் இனி உங்கள் அறுவைக் கோடு. கோட்டில் வை, கிளாம்ப் போடு, ஓட்டு. ஆழத்தில் 6 மில்லிமீட்டர் அதற்குப் போகும், அவ்வளவுதான்.

பிளேடைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இத்தனையும் வீண். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 பல். அது ரீப்பருக்கு. மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அதில் அறுத்தால் ஓரமெல்லாம் பிசிறு. 40 பல்லுக்குக் குறையாமல் தனியாக ஒன்று வாங்குங்கள். பல்லின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் மெல்லியதாக இருக்கட்டும். இரண்டரை மில்லிமீட்டர் பல்லோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நாற்பது பங்கு மரத்தூள் மிச்சம், அதனால் பேட்டரியும் மிச்சம். நடுத்துளை அளவையும் பாருங்கள். மகிட்டா, பாஷ் 165-க்கு 20 மில்லிமீட்டர். டிவால்ட் 184-க்கு 16.

கையில் பிடிக்கிற ரம்பத்தில் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி ஏறி அறுக்கும். பிசிறு மேல்பக்கம்தான் வரும். அதனால் மைக்கா பக்கம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். டேபிள் ரம்பத்தில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு ஷீட்டைப் பாழாக்கிய பிறகே நம்புவார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு ஷீட் போனது.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது வாங்கி வருவதாக இருந்தால் ரம்பம் செக்-இன் பெட்டியில், தனிப் பேட்டரி கைப்பையில். விமானத்தில் 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 என்பதால் அதற்குள் அடங்கும். 6 ஆம்பியர்-அவர் 108 ஆகிவிடும், ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அது 120 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் செருகினால் போய்விடும்.